மூன்று டிஸ்க்கும் ஒரே நொடியில் மறைந்தன: கொடைக்கானல் ஸ்டூடியோவில் ஒரு யூஎஸ்பி ஹப் சிக்கல்

டிசம்பர் முதல் வாரம், காலை எட்டரை மணி இருக்கும். ஏழு ரோடு பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன் போன் செய்தார்.

"தம்பி, குறிஞ்சி டிஸ்க் போயிருச்சு. டிக் டிக்னு அடிக்குது. அப்புறம் ஃபார்மட் பண்ணவான்னு கேக்குது. பண்ணிரட்டுமா?"

"எதையும் அமுக்காதீங்கண்ணே. ஒயரை உருவி அப்படியே வச்சிருங்க. இப்ப வர்றேன்."

குறிஞ்சி டிஸ்க் என்று அவர் சொல்வது, பழனி மலையில் நீலக்குறிஞ்சி பூத்த இரண்டு பருவங்களின் படங்கள் இருக்கும் டிஸ்க். 2006இல் ஃபிலிமில் எடுத்து, பிறகு ஸ்கேன் செய்து ஏற்றியவை ஒரு பாதி. 2018இல் டிஜிட்டலில் எடுத்தவை இன்னொரு பாதி. அந்த 2018 பருவம் முடிந்த கையோடு நவம்பரில் கஜா புயல் வந்து மலையில் மரங்களைச் சாய்த்தது. இனி அந்தச் செடி பூக்கப்போவது 2030இல். கல்யாணப் படம் தொலைந்தால் மணமக்கள் வீட்டிலாவது ஒரு பிரதி இருக்கும். இதற்கு வேறெங்கும் பிரதி இல்லை. அதனால்தான் இந்த வேலையை நான் மற்ற ரிப்பேர்களைப் போல எடுத்துக்கொள்ளவில்லை.

போவதற்கு முன்பே ஒரு செய்தி தெரியும். ஒரு மாதத்துக்கு முன் கீழே ஊரில் ஒரு கடையில் இதே டிஸ்க்கைக் காட்டியிருக்கிறார். சத்தத்தைக் கேட்டதுமே, "ஹெட் போயிருச்சு, பிரிச்சுத்தான் எடுக்கணும்" என்று சொல்லிவிட்டார்களாம். ஹெட் என்பது டிஸ்க்குக்குள் சுற்றும் தட்டிலிருந்து தகவலைப் படிக்கும் முனை. பிரிக்க மனம் வராமல் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். அந்தத் தயக்கம்தான் படங்களைக் காப்பாற்றியது. நல்ல டிஸ்க்கை தூசியில்லாத அறை இல்லாமல் திறந்தால் அது உண்மையிலேயே போய்விடும்.

மேசையில் இருந்தவை

ஒரு லேப்டாப். அதில் யூஎஸ்பி 3 போர்ட் இரண்டு. ஒன்றில், ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரித்துக் கொடுக்கும் ஹப், ஏழு வாய் கொண்டது. ஹப்பில் இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க் மூன்று, கார்டு ரீடர் ஒன்று, வயர்லெஸ் மவுசின் குட்டி ரிசீவர், போன் சார்ஜ் ஏற்ற ஒரு கேபிள். ஹப்பின் பக்கவாட்டில் அடாப்டர் செருகும் துளை இருந்தது. அடாப்டர் இல்லை.

"அது வாங்கும்போது வந்துச்சு தம்பி. எங்கேயோ கிடக்கும். அது இல்லாமலே லைட் எரியுதே, ஓடுதேன்னு விட்டுட்டேன்."

அவர் விட்டதில் வியப்பில்லை. ஹப் ஓடத்தான் செய்யும், விளக்கும் எரியும். மவுசும் கார்டு ரீடரும் மாதக்கணக்கில் ஒழுங்காகவே வேலை செய்திருக்கின்றன. அவற்றுக்கு வேண்டியது கொஞ்சம்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. மற்ற இரண்டு டிஸ்க்கும் மேசைமேல் குட்டைக் கேபிளில் இருக்க, குறிஞ்சி டிஸ்க் மட்டும் பக்கத்துக் கண்ணாடி அலமாரிக்குள் துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. தூசி படக்கூடாது, கைதவறி விழக்கூடாது என்ற அக்கறை. அதற்காகவே ஒன்றரை மீட்டர் நீளக் கேபிள் ஒன்று வாங்கியிருந்தார். இந்தக் கேபிளுக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அவரிடம் கேள்விகள் கேட்டேன். எப்போது மறைகிறது? காலையில்தான் அதிகம். மத்தியானம் ஆனால் ஒழுங்காக ஓடுகிறது. சும்மா இருக்கும்போதா, வேலை செய்யும்போதா? பெரும்பாலும் காப்பி போடும்போது, அல்லது இன்னொரு டிஸ்க்கைத் திறக்கும்போது. ஒன்று மறையும்போது மற்றவை? இதற்கு அவர் சற்று யோசித்துச் சொன்ன பதில்தான் எனக்கு வழி காட்டியது: "எல்லாமே போயிரும் தம்பி. மவுசும் நின்னுரும். ரெண்டு செகண்டுல எல்லாம் திரும்ப வந்துரும், இந்த டிஸ்க் மட்டும் வராது."

ஹெட் கெட்டுப்போன டிஸ்க் பக்கத்து வாயில் இருக்கும் மவுசை நிறுத்தாது. ஹப்பில் இருந்த அத்தனையும் ஒன்றாக விழுகின்றன என்றால் ஹப்பே விழுகிறது என்று பொருள். ஹப்புக்குள் இருக்கும் சிப்பும் அதே 5 வோல்ட்டில்தான் ஓடுகிறது. அந்த வோல்ட் கீழே இறங்கினால் சிப் தன்னை மறுபடி தொடங்கிக்கொள்ளும். அதன் கீழ் தொங்கும் எல்லாமே கம்ப்யூட்டரின் கண்ணுக்கு அறுந்துபோகும்.

கம்ப்யூட்டரில் நடப்பவற்றின் குறிப்புகளைக் காட்டும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறந்து பார்த்தேன். டிஸ்க் என்ற பெயரில் 157 என்ற எண்ணுள்ள பதிவுகள் வரிசையாக இருந்தன. சொல்லாமல் கொள்ளாமல் டிஸ்க் பிடுங்கப்பட்டது என்பதுதான் அந்த எண்ணின் பொருள். கையால் உருவினாலும் அது வரும். ஆனால் இங்கே மூன்று டிஸ்க்குக்கும் மூன்று பதிவு, மூன்றும் ஒரே மணி, ஒரே நிமிடம், ஒரே நொடி. இப்படி ஒன்பது கொத்துகள். அவற்றில் ஆறு காலை பத்து மணிக்கு முன். மூன்று வெவ்வேறு ஆண்டுகளில் வாங்கிய மூன்று டிஸ்க் ஒரே நொடியில் கெட்டு, மறுநாள் மீண்டும் ஒரே நொடியில் கெடாது.

சத்தத்தைப் பற்றி

டிக் டிக் என்ற ஒலியைக் கேட்டதும் எல்லோரும் ஹெட் என்றே சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒலியில் இரண்டு வகை உண்டு. காதைக் கொஞ்சம் பழக்கினால் பிரித்துவிடலாம், இதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

ஹெட் கெட்ட டிஸ்க்கில் தட்டு முழு வேகம் எடுத்து ஒரே சீராக 'ம்ம்ம்' என்று சுற்றிக்கொண்டிருக்கும். அந்த ஒலியின் மேல் ஒழுங்கான இடைவெளியில் டிக் வரும். டிஸ்க்கின் விளக்கு அணையாது. மின்சாரம் போதாத டிஸ்க்கில் தட்டு சுற்றத் தொடங்கும், ஒலி மெல்ல ஏறும், உச்சத்தைத் தொடுமுன் ஒரு டிக். ஹெட் தன் இடத்துக்குப் பாய்ந்து ஒதுங்கும் ஒலி அது. அதோடு சுற்றல் தளர்ந்து விழும், விளக்கும் கணப்பொழுது அணைந்து எரியும். பிறகு முதலிலிருந்து ஏறும். ஏற்றமும் விழுதலும் மாறி மாறிக் கேட்டால் டிஸ்க்கைக் குறை சொல்வதற்கு முன் அதற்கு ஊட்டும் வழியைப் பார்க்கவேண்டும்.

சோதனையை நான் குறிஞ்சி டிஸ்க்கில் செய்யவில்லை. அதை அலமாரியிலேயே விட்டுவிட்டேன். ஒவ்வொரு முறை மின்சாரம் அறும்போதும் ஹெட் அவசரமாக ஒதுங்குகிறது. எழுதிக்கொண்டிருந்தது பாதியில் நிற்கிறது. காரணம் தெரிந்துகொள்வதற்காக அந்த டிஸ்க்கை இன்னும் பத்து முறை விழவைப்பது சரியில்லை. கல்யாண ஆல்பம் இருக்கும் டிஸ்க்குக்கு வேறு பிரதி இருந்தது. சோதனை எல்லாம் அதில்தான்.

நேராக லேப்டாப்பில் செருகினேன், குட்டைக் கேபிளில். தட்டு ஏறியது, டிக் இல்லை. இருபது நிமிடம் காப்பி ஓடியது. அதே டிஸ்க்கை, அதே கேபிளோடு ஹப்புக்கு மாற்றினேன். தனியாக இருந்தவரை ஓடியது. காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது டிஸ்க்கைச் செருகினேன். இரண்டாவதின் தட்டு ஏறத் தொடங்கியதும் இரண்டும் போயின. மவுசும் நின்றது.

கணக்கு

யூஎஸ்பி 2.0 வந்தது 2000ஆம் ஆண்டில். அந்தத் தரத்தின்படி ஒரு போர்ட் ஒரு கருவிக்குக் கொடுக்கவேண்டிய உச்ச அளவு 500 மில்லி ஆம்பியர். 2008இல் வந்த 3.0 அதை 900 ஆக்கியது. இது கம்ப்யூட்டரின் சொந்தப் போர்ட்டுக்கு. அடாப்டர் இல்லாமல் கம்ப்யூட்டரிடமே வாங்கி ஓடும் ஹப்பின் கதை வேறு. தரத்தின்படி அது தன் ஒவ்வொரு வாயிலும் உறுதி சொல்வது 2.0 என்றால் 100, 3.0 என்றால் 150 மில்லி ஆம்பியர் மட்டுமே. காரணம் எளிது. ஏழு வாய் இருந்தாலும் உள்ளே வரும் வழி ஒன்றுதான். 900 வந்தால் அந்த 900ஐத்தான் ஹப்பும், டிஸ்க் மூன்றும், மவுசும், போனும் பங்கு போடவேண்டும்.

இரண்டரை அங்குல டிஸ்க் ஒன்று சும்மா சுற்றும்போது சில நூறு மில்லி ஆம்பியர் எடுக்கும். ஆனால் நின்றிருக்கும் தட்டைச் சுற்றவைக்கும் அந்தச் சில நொடிகளில் 900, சிலவற்றில் 1 ஆம்பியர்வரை கேட்கும். இப்போது அண்ணனின் மேசைக் கணக்கு தெளிவாகிறது. ஒரு டிஸ்க் மட்டும் என்றால், லேப்டாப் போர்ட் கொஞ்சம் தாராளமாகக் கொடுப்பதால் எப்படியோ ஏறிவிடுகிறது. அது ஓடும்போதே இரண்டாவது எழுந்தால் இரண்டின் தேவையும் சேர்ந்து வரம்பைத் தாண்டுகிறது. மூன்றாவதும் சேர்ந்தால் தாங்க வழியில்லை. அலமாரிக்குள் இருந்ததால் குறிஞ்சி டிஸ்க்கைத்தான் எப்போதும் கடைசியில் இணைப்பார். பழி அதன்மேல் விழுந்தது.

விண்டோஸ் ஏன் எச்சரிக்கவில்லை? தனக்குச் சொந்த மின்சாரம் உண்டா, எவ்வளவு வேண்டும் என்பதை ஒவ்வொரு கருவியும் தானே சொல்லிக்கொள்கிறது. கம்ப்யூட்டர் அதை அளந்து பார்ப்பதில்லை, நம்புகிறது. விலை குறைந்த ஹப்புகள் பல, அடாப்டர் செருகியிருந்தாலும் இல்லாவிட்டாலும் தமக்குச் சொந்த மின்சாரம் உண்டு என்றே சொல்கின்றன. இந்த ஹப்பும் அந்த வகை. செருகாத அடாப்டரை இருப்பதாகவே அது லேப்டாப்பிடம் சொல்லிவந்திருக்கிறது.

ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் ஒரு சிறிய யூஎஸ்பி மீட்டரை வைத்துப் பார்த்தேன். சும்மா இருக்கையில் 4.9 வோல்ட். ஒரு டிஸ்க் ஓடும்போது 4.7. இரண்டாவது எழும்போது எண் 4.3 என்று ஒரு கணம் காட்டி மீட்டரே அணைந்தது. இந்த மீட்டர்கள் மெதுவானவை, உண்மையான பள்ளம் இன்னும் ஆழமாக இருந்திருக்கும். மீட்டர் நல்ல எண் காட்டுகிறது என்பதற்காக மின்சாரம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது. கெட்ட எண் காட்டினால் தாராளமாக நம்பலாம்.

மலை காரணமா?

அண்ணனுக்கு மூன்று சந்தேகம் இருந்தது. மலையில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் இருப்பவைதான்.

ஒன்று லோ வோல்டேஜ். சாயங்காலம் பல்பு மங்குவதைப் பார்த்தவர்கள் எல்லாப் பழியையும் அதன்மேல் போடுவார்கள். லேப்டாப் சார்ஜரின் முதுகில் 100இலிருந்து 240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். 230 வரவேண்டிய இடத்தில் 170 வந்தாலும் அது கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிடும். இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டுவது சுலபம். சார்ஜரை உருவிவிட்டு பேட்டரியில் வைத்து அதே சோதனையைச் செய்தேன். அதேபோல விழுந்தது. சுவரிலிருந்து எதுவுமே வராதபோதும் விழுகிறது என்றால் சுவர் காரணமில்லை.

இரண்டாவது உயரம். கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர். ஹார்ட் டிஸ்க்கின் ஹெட் தட்டின்மேல் மெல்லிய காற்றுப் படலத்தில் மிதக்கிறது, காற்று மெலிந்தால் மிதப்பு குறையும் என்பது உண்மை. அதனால்தான் தயாரிப்பாளர்கள் உயர வரம்பு தருகிறார்கள். வழக்கமான டிஸ்க்குகளுக்கு அது 3,048 மீட்டர், அதாவது பத்தாயிரம் அடி. நம் ஊர் அதற்கு நன்றாகக் கீழே இருக்கிறது.

மூன்றாவது குளிர். இதில் அவர் சொன்னது பாதி சரி. அன்று காலை ஸ்டூடியோவுக்குள் 9 டிகிரி. ஹார்ட் டிஸ்க்கின் அச்சு மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் சுற்றுகிறது. குளிரில் தேங்காய் எண்ணெய் அளவுக்கு உறையாவிட்டாலும் அந்த எண்ணெய் கெட்டியாகும். கெட்டியான எண்ணெயில் தட்டைச் சுழற்றிவிட மோட்டாருக்குக் கூடுதல் கரண்ட் வேண்டும், கூடுதல் நேரமும் வேண்டும். மறுநாள் காலையிலும் மத்தியானத்திலும் ஹப்பில் ஒரே சோதனையைச் செய்தேன். காலையில் இரண்டாவது டிஸ்க்கே எழவில்லை. வெயில் உள்ளே வந்த பிறகு இரண்டு எழுந்தன, மூன்றாவதில் விழுந்தது. அதே குளிர்ந்த காலையில் லேப்டாப்பில் நேராகச் செருகினால் ஒரு மூச்சு தாமதமாக, ஆனால் ஒழுங்காக எழுந்தது. பல வெளி டிஸ்க்குகளுக்கு 5 டிகிரிவரை ஓடலாம் என்று அனுமதி உண்டு. ஆகவே குளிர் நோயை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இழுத்துப்பிடித்து ஓடிக்கொண்டிருந்ததைக் காலை நேரத்தில் விழவைத்தது. கோடையில் இவர் இதே மேசையில் இரண்டு டிஸ்க்கோடு வேலை செய்திருக்கிறார், சிக்கல் தெரியவில்லை.

அடாப்டர்

தொலைந்த அடாப்டரைத் தேடியபோது ஒரு பிஸ்கட் டப்பா நிறைய அடாப்டர்கள் கிடைத்தன. அதில் ஒன்றை எடுத்து, "இது கச்சிதமா உட்காருது தம்பி" என்று அண்ணன் ஹப்பில் செருகிப்பார்த்தார். சுவிட்ச் போடவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். அது பழைய இன்டர்நெட் ரவுட்டரின் அடாப்டர், 12 வோல்ட்.

பின் அளவு ஒன்றாக இருப்பதால் நடக்கும் விபத்து இது. 5 வோல்ட் கேட்கும் ஹப்புக்கும் 12 வோல்ட் கேட்கும் ரவுட்டருக்கும் ஒரே உருளைப் பின்தான் வருகிறது. சாதாரண ஹப்புகளில் அடாப்டரிலிருந்து வருவது அப்படியே வாய்களுக்குப் போகும். 12 வோல்ட் போனால் ஹப்போடு அதில் தொங்கும் டிஸ்க்குகளின் போர்டும் போகும். டிஸ்க் போர்டில் காப்புக்கு டையோடு இருக்கலாம், அதை நம்பிச் செருகமுடியாது. மறுபக்கம், 12 வோல்ட் வாங்கி உள்ளேயே 5 ஆக்கிக்கொள்ளும் ஹப்புகளும் உண்டு. ஆகவே பின்னைப் பார்த்து முடிவு செய்யாமல் ஹப்பின் அடியில் அச்சிட்டிருப்பதைப் படிக்கவேண்டும். வோல்ட் அப்படியே பொருந்தவேண்டும். நடுப்பின் பிளஸா மைனஸா என்று காட்டும் வட்டக்குறியும் பொருந்தவேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக்கூடாது.

எவ்வளவு ஆம்பியர்? டிஸ்க் மூன்று, ஆளுக்கு எழும்போது 1 ஆம்பியர் என்று வைத்தால் 3. மற்றவற்றுக்கு அரை. 5 வோல்ட் 4 ஆம்பியர் என்று எழுதிக்கொடுத்து மதுரையிலிருந்து வரவழைத்தோம். ஏழு வாய் ஹப்போடு பெட்டியில் 2 ஆம்பியர் அடாப்டரை வைத்து விற்பதைப் பார்த்திருக்கிறேன். ஏழு வாயும் 900 வீதம் கேட்டால் 6.3 ஆம்பியர் ஆகிறது. அந்த அடாப்டர் இருந்தும் இல்லாததுபோல்தான். போன் சார்ஜ் கேபிளை ஹப்பிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன், அதற்குச் சுவரிலேயே இடம் இருக்கிறது.

இரண்டு பிளக் கொண்ட கேபிளும் கடைகளில் கிடைக்கும். இரண்டு போர்ட்டிலிருந்து சேர்த்து ஒரே டிஸ்க்குக்கு ஊட்டுவது. அவசரத்துக்கு உதவும், ஆனால் யூஎஸ்பி தரத்தில் அதற்கு இடமில்லை. ஏற்கெனவே பட்டினி கிடக்கும் ஹப்பின் இரண்டு வாயில் செருகினால் பயனும் இல்லை. எனக்கு அதில் விருப்பமில்லை.

அடாப்டர் வந்ததும் கல்யாண டிஸ்க்கும் இன்னொன்றும் சேர்ந்து, குளிர்ந்த காலையிலேயே, தடையின்றி ஓடின. மீட்டர் 5.0க்கும் 4.9க்கும் இடையில் நின்றது. சரி, முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. குறிஞ்சி டிஸ்க்கின் இடத்தில், அதே நீளக் கேபிளில், கல்யாண டிஸ்க்கை மாட்டிப் பார்த்தபோது தட்டு ஏறும்போதே டிக் என்று விழுந்தது. இந்த முறை மற்றவை விழவில்லை, அது மட்டும். கேபிளை மட்டும் மாற்றினேன், ஓடியது.

கேபிளின் உறையில் பொடி எழுத்தில் இரண்டு அளவு அச்சிட்டிருப்பார்கள். ஒன்று தகவல் போகும் கம்பியின் கேஜ், மற்றது மின்சாரம் போகும் கம்பியின் கேஜ். இதில் இரண்டுமே 28. கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெலியும். 28 கேஜ் செம்புக்கு மீட்டருக்கு 0.21 ஓம் தடை. ஒன்றரை மீட்டர் கேபிளில் போகவும் வரவும் மூன்று மீட்டர் கம்பி, 0.64 ஓம். அதில் 0.9 ஆம்பியர் ஓடினால் கேபிளிலேயே 0.57 வோல்ட் தொலைகிறது. ஹப் 5.0 கொடுத்தும் டிஸ்க்குக்குச் சேர்வது 4.4தான். 24 கேஜ் என்றால் அதே நீளத்தில் இழப்பு 0.23. அரை மீட்டர் நீளமுள்ள 28 கேஜ் என்றால் 0.19. அதோடு அந்தக் கேபிளின் அகலத் தலை ஆடியது, பித்தளை மங்கியிருந்தது. இங்கே பனியும் ஈரமும் புகாத அலமாரி இல்லை. இது மேலும் கொஞ்சம் தடையைச் சேர்த்திருக்கும்.

பத்திரமாக இருக்கட்டும் என்று அலமாரிக்குள் வைத்ததால்தான் இந்தக் கேபிள் தேவைப்பட்டது. அதை அண்ணனிடம் சொல்லும்போது எனக்கே சங்கடமாக இருந்தது. அவர் எதுவும் பேசவில்லை. துணியை மடித்து எடுத்துவிட்டு டிஸ்க்கை மேசைமேல் வைத்தார்.

படங்களை எடுத்தது

இப்போதுதான் குறிஞ்சி டிஸ்க்கைத் தொட்டேன். ஹப் வேண்டாம் என்று லேப்டாப்பின் ஒரு போர்ட்டில் அது, குட்டைக் கேபிளில். மற்ற போர்ட்டில் புதிய டிஸ்க். சார்ஜர் செருகியே இருந்தது. ஃபார்மட் கேள்வி வரவில்லை. அந்தக் கேள்வி வந்ததெல்லாம் டிஸ்க்கின் முதல் பகுதியைப் படிக்குமுன் அது விழுந்துபோனதால். அன்று ஆம் என்று அமுக்கியிருந்தால்?

முதலில் ஸ்மார்ட் எண்களை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே குறித்துவைக்கும் எண்களை, பார்த்தேன். கெட்டுப்போனதால் மாற்றி வைக்கப்பட்ட செக்டர்களை (தட்டில் தகவல் இருக்கும் சிறு பகுதிகளை) காட்டும் 5, படிக்கமுடியாமல் காத்திருப்பவற்றைக் காட்டும் 197, இரண்டும் சுழியம். மின்சாரம் திடீரென அறுந்து ஹெட் ஒதுங்கிய எண்ணிக்கையைக் காட்டும் 192 மட்டும் மற்ற இரண்டு டிஸ்க்கைவிடப் பல மடங்கு. கீழே ஊரில் சொன்னதுபோல ஹெட் கெட்டிருந்தால் இந்த எண்கள் இப்படி இருந்திருக்காது.

பழுது பார்க்கும் முன் பிரதி எடுத்துவிடவேண்டும். இந்த வரிசையை மாற்றி, டிஸ்க்கின் பிழைகளைத் திருத்தும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க்கை முதலில் ஓடவிட்டு, இருந்ததையும் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கருவி, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை ஒழுங்காக்குவதற்காக எதையும் வெட்டும், படத்தின் அருமை அதற்குத் தெரியாது. 640 ஜிபி. மாலைவரை ஓடியது. ஒருமுறைகூட விழவில்லை. பிறகு பிரதியின் இன்னொரு பிரதியில் செக்டிஸ்க்கை முதலில் வெறுமனே பார்க்கவும், அப்புறம் திருத்தவும் விட்டேன்.

2006இன் ஸ்கேன்கள் முழுதாகக் கிடைத்தன. 2018இல் ஒரு ஃபோல்டர் அடிபட்டிருந்தது. கூக்கால் பக்கச் சரிவில் எடுத்தவை. அந்த டிஸ்க் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அமைப்பு முறையில் இருந்தது, மகனின் மேக்கிலும் திறக்கவேண்டும் என்பதற்காக. விண்டோஸின் வழக்கமான முறையான என்டிஎஃப்எஸ் தன் அட்டவணை மாற்றங்களை முதலில் குறித்துவைத்துக்கொள்ளும். பாதியில் அறுந்தாலும் அட்டவணையைச் சரிசெய்துகொள்ளும். எக்ஸ்ஃபேட்டுக்கு அந்தப் பழக்கம் இல்லை. கூடவே, வேகத்துக்காக எழுதுவதை நினைவகத்தில் தேக்கிவைக்கும் வசதியை யாரோ இயக்கிவைத்திருந்தார்கள். ஃபோல்டர்களை ஒழுங்குபடுத்த அவர் நகர்த்திக்கொண்டிருந்தபோது ஹப் விழுந்திருக்கிறது. பதினேழு படங்கள் போயின. அவற்றில் சில திறக்கும். மேல்பாதியில் மேகமும் மலை விளிம்பும் இருக்கும். பூத்த சரிவு இருக்கவேண்டிய கீழ்ப்பாதி வெறும் சாம்பல்.

வேறெந்தக் கருவியாலும் அவற்றை மீட்கமுடியவில்லை. மூன்று நாள் முயன்றேன்.

மின்வெட்டு

இரண்டு வாரம் கழித்து மறுபடி போன். இரவு காற்றில் மரம் விழுந்து லைன் போயிருக்கிறது. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்க, டிஸ்க் மூன்றும் ஒன்றாக மறைந்திருக்கின்றன. அந்த நேரம் எதுவும் எழுதிக்கொண்டிருக்கவில்லை, சேதமில்லை.

இது நான் யோசித்திருக்கவேண்டியது. முன்பு ஹப் லேப்டாப்பிடம் வாங்கி ஓடியபோது, பட்டினியாக இருந்தாலும், மின்வெட்டு அதற்குத் தெரியாது. நான் அடாப்டர் வைத்ததும் ஹப் சுவரோடு கட்டுண்டது. கரண்ட் போன கணத்தில் ஹப் மீண்டும் லேப்டாப்பின் 900க்குத் திரும்புகிறது. மூன்று டிஸ்க்கும் சுற்றிக்கொண்டிருக்கையில் அது போதாது. ஆக, பேட்டரியுள்ள லேப்டாப்பில் அடாப்டர் ஹப்பை வைத்தால் ஹப் அடாப்டருக்கு யூபிஎஸ் கட்டாயம். அண்ணனிடம் பிரிண்டருக்குப் பக்கத்தில் பழைய 600 விஏ யூபிஎஸ் ஒன்று இருந்தது. 20 வாட் அடாப்டர் அதற்கு ஒரு சுமையே இல்லை. பேட்டரி மட்டும் புதிதாகப் போட்டோம். தேவையில்லாத கோப்புகளை மூன்று டிஸ்க்கிலும் காப்பி ஓடவிட்டு, நானே சுவர் சுவிட்சை அணைத்தேன். ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று முறை செய்து பார்த்தேன்.

அதோடு இன்னொன்றையும் பார்த்துவிட்டேன். சில ஹப்புகள் அடாப்டர் மின்சாரத்தைக் கம்ப்யூட்டர் பக்கமாகப் பின்னோக்கித் தள்ளும். ஹப்பின் கம்ப்யூட்டர் பிளக்கை உருவி, அடாப்டரை மட்டும் ஓடவிட்டு, அந்தப் பிளக்கில் மீட்டரை வைத்தால் எதுவும் வரக்கூடாது. இதில் வரவில்லை. வேறொரு வீட்டில் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்று தன் அடாப்டரைக் கழற்றிய பிறகும் ஹப்பிலிருந்து வாங்கி ஓடிக்கொண்டிருந்ததைக் கண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட ஹப்பை லேப்டாப்பில் வைக்கவிடமாட்டேன்.

பிப்ரவரி கடைசியில் ஈவென்ட் வியூவரை மறுபடி திறந்து பார்த்தேன். டிசம்பர் மின்வெட்டுக்குப் பிறகு 157 இரண்டே முறை, இரண்டும் அண்ணன் கையால் உருவியவை. குறிஞ்சிப் படங்கள் இப்போது மூன்று டிஸ்க்கில் இருக்கின்றன. ஒன்று வத்தலக்குண்டில் அவர் தங்கை வீட்டில். ஹப்பின் அடாப்டர் துளைக்குமேல் வெள்ளை ஒட்டுத்தாளில் மார்க்கரால் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார்: 5 வோல்ட் மட்டும். பிஸ்கட் டப்பாவில் இருந்த ஒவ்வொரு அடாப்டரிலும் அதேபோல ஒரு தாள் ஒட்டி, அது எதனுடையது என்று எழுதிவைத்திருக்கிறார்.